வாரத்துக்கு 12 கேள்விகள்! புற்றுநோய் கண்டவர்களுக்குக் காவல் இருக்கும் செல்போன்

புற்றுநோய் என்று டாக்டர் சொன்னால், முன்பெல்லாம் வீடே இழவு வீடு போல் ஆகிவிடும். இப்போது அப்படி இல்லை. அறுவை சிகிச்சை இருக்கிறது. கதிர் சிகிச்சை இருக்கிறது. ஊசி வழியாகவும் மாத்திரையாகவும் கொடுக்கும் மருந்துகள் இருக்கின்றன. நோய் வந்து போன பிறகு பத்து ஆண்டு, இருபது ஆண்டு வாழ்கிறவர்கள் உண்டு. பேரன், பேத்தி கல்யாணத்தைப் பார்த்தவர்களும் உண்டு.

ஆனாலும் ஒரு சங்கடம் இருக்கிறது.

சிகிச்சை நடப்பது ஆஸ்பத்திரியில். நோயாளி இருப்பதோ வீட்டில். மருந்து ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனால், மறுபடி டாக்டரைப் பார்ப்பது இரண்டு வாரமோ மூன்று வாரமோ கழித்துத்தான். சிகிச்சை எல்லாம் முடிந்துவிட்டால், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை என்று ஆகிவிடும்.

நடுவில் வாந்தி வரலாம். சோறு இறங்காமல் போகலாம். விரல்கள் மரத்துப் போகலாம். படி ஏறினால் மூச்சு வாங்கலாம். இதெல்லாம் டாக்டருக்கு எப்படித் தெரியும்?

"நோயாளி சொன்னால் தெரியும்" என்பீர்கள். நோயாளி சொல்வதில்லை! அதுதான் சங்கடம்.

வாய் திறக்காத நோயாளி

ஏன் சொல்வதில்லை?

"இந்தச் சின்ன விஷயத்துக்கா டாக்டரைத் தொந்தரவு செய்வது?" என்று நினைக்கிறார்கள் பலர். "மருந்து சாப்பிட்டால் இப்படித்தான் இருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்" என்று சிலர் தங்களுக்குத் தாங்களே சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். மலச்சிக்கல், நீர்க்கடுப்பு போன்றவற்றை வெளியே சொல்ல வெட்கம். இன்னும் சிலருக்குப் பயம். தொல்லையைச் சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்ற பயம்!

மூன்று வாரம் கழித்து டாக்டர் முன்னால் உட்காரும்போது, முதல் வாரம் பட்ட பாடு மறந்து போகிறது. "எப்படி இருக்கிறீர்கள்?" என்று டாக்டர் கேட்கிறார். "பரவாயில்லை" என்று பதில் வருகிறது. வெளியே அடுத்த நோயாளி காத்திருக்கிறார். பேச்சு அதோடு முடிகிறது.

இப்படிச் சொல்லாமல் விடுவது கொஞ்சமா நஞ்சமா? நோயாளிகள் படும் தொல்லைகளில் பாதி வரைக்கும் டாக்டர் காதுக்கு எட்டாமலே போகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள்.

இந்த ஓட்டையை அடைக்க முடியுமா என்று யோசித்தார் ஓர் அமெரிக்க டாக்டர்.

நியூயார்க்கில் நடந்த சோதனை

அவர் பெயர் ஈதன் பாஷ். நியூயார்க் நகரில் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் என்ற பெரிய புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே 2007-ம் ஆண்டில் அவர் ஒரு சோதனையைத் தொடங்கினார். 766 நோயாளிகள் அதில் சேர்ந்தார்கள். எல்லோருக்கும் நோய் உடம்பில் பல இடங்களுக்குப் பரவியிருந்தது. எல்லோரும் மருந்து ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய் வருகிறவர்கள். 91 வயதுக்காரர் கூட இருந்தார்.

சீட்டுக் குலுக்குவது போல் அவர்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான வைத்தியம். அவர்கள் தொல்லை இருந்தால் டாக்டரைப் பார்க்கும்போது சொல்லலாம், டெலிபோன் செய்யலாம்.

இன்னொரு பிரிவுக்கும் அதே வைத்தியம்தான். கூடுதலாக 12 கேள்விகள் மட்டும். பசி எப்படி? மலச்சிக்கல் உண்டா? இருமல்? பேதி? மூச்சுத் திணறல்? நீர்க்கடுப்பு? அசதி? உடம்பில் திடீர் அனல்? குமட்டல்? வலி? கைகால் மரத்துப் போதல்? வாந்தி?

ஒவ்வொன்றுக்கும் மார்க் போட வேண்டும். தொல்லையே இல்லை என்றால் 0. தாங்க முடியவில்லை, எழுந்து நடமாட முடியவில்லை என்றால் 4. வீட்டில் கம்ப்யூட்டர் பழக்கம் உள்ளவர்கள் வீட்டிலிருந்தே வாரம் ஒரு தடவை மார்க் போடலாம். பழக்கம் இல்லாதவர்கள் ஆஸ்பத்திரிக்கு வரும்போது அங்கே வைத்திருந்த கம்ப்யூட்டரில் போட்டார்கள்.

யாராவது ஒருவருக்கு மார்க் திடீரென்று ஏறினால், உடனே நர்சுக்கு இ-மெயில் பறக்கும். நர்ஸ் பார்ப்பார். நோயாளிக்கு டெலிபோன் செய்வார். "இந்த மாத்திரையைச் சாப்பிடுங்கள்" என்பார். சில சமயம் மருந்தின் அளவை டாக்டர் குறைப்பார். இப்படி வந்த எச்சரிக்கைகளில் 100-க்கு 77 தடவை நர்சுகள் ஏதாவது ஒரு நடவடிக்கை எடுத்தார்கள்.

இதில் புது மருந்து ஏதும் இல்லை. விலை உயர்ந்த இயந்திரமும் இல்லை. கேள்வி, பதில், ஒரு டெலிபோன். இதனால் என்ன பெரிதாக நடந்துவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

நடந்தது!

கேள்விக்குப் பதில் சொல்லி வந்தவர்கள் அவசர சிகிச்சைக்கு ஓடுவது குறைந்தது. ஓர் ஆண்டுக்குள் அப்படி ஓடியவர்கள் வழக்கமான பிரிவில் 100-க்கு 41 பேர். கேள்விப் பிரிவில் 34 பேர். மருந்தையும் இவர்களால் அதிக நாள் தாங்கிக்கொள்ள முடிந்தது. வழக்கமான பிரிவு சராசரியாக 6.3 மாதம் மருந்து எடுத்துக்கொண்டது. கேள்விப் பிரிவு 8.2 மாதம்.

பல ஆண்டுகள் கழித்து, உயிரோடு இருந்த காலத்தையும் கணக்குப் பார்த்தார்கள். 2017 ஜூன் மாதம் சிகாகோ நகரில் நடந்த புற்றுநோய் டாக்டர்கள் மாநாட்டில் அந்தக் கணக்கு வெளியானது. ஒவ்வொரு பிரிவையும் ஆயுள்படி வரிசையாக நிற்க வைத்து, நடுவில் நிற்பவரைப் பாருங்கள். வழக்கமான பிரிவில் அவர் வாழ்ந்தது 26 மாதம். கேள்விப் பிரிவில் 31.2 மாதம். ஐந்து மாதம் அதிகம்!

ஐந்து மாதம்தானா என்று கேட்கலாம். நோய் பரவிய நிலையில் அது பெரிய காலம். லட்சக்கணக்கில் விலை வைத்து விற்கும் புது மருந்துகளில் பல அந்த அளவு கூடக் கொடுப்பதில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கம்ப்யூட்டரே தெரியாதவர்களுக்குத்தான் இந்த முறையால் நன்மை அதிகம் கிடைத்தது. தெரிந்தவர்கள் எப்படியாவது டாக்டரைப் பிடித்துத் தங்கள் குறையைச் சொல்லிவிடுகிறார்கள் போலும். வாய் திறக்கத் தயங்குகிறவர்களுக்குத்தான் யாராவது கேட்க வேண்டியிருக்கிறது.

பிரான்சு டாக்டரின் யோசனை

அதே காலத்தில், பிரான்சு நாட்டில் லெ மான் என்ற ஊரில் இன்னொரு டாக்டர் வேறு கோணத்தில் யோசித்தார். லெ மான் கார்ப் பந்தயத்துக்குப் பேர் போன ஊர். டாக்டர் பெயர் ஃபாப்ரீஸ் தெனி.

அவர் பார்த்தது நுரையீரல் புற்றுநோய்க்காரர்களை. முதல் சிகிச்சைக்குப் பிறகு இவர்களுக்கு மூன்று மாதம் முதல் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் எடுப்பது வழக்கம். நோய் திரும்பி வந்தால் ஸ்கேனில் தெரிந்துவிடும் என்பது கணக்கு. ஆனால் நோய் நம் காலண்டரைப் பார்த்தா வருகிறது? ஒரு ஸ்கேனுக்கும் அடுத்த ஸ்கேனுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துவிடும். அடுத்த ஸ்கேன் எடுக்கும்போது நோயாளி படுத்த படுக்கையாகியிருப்பார். அதற்குப் பிறகு பலமான மருந்து கொடுக்கவும் முடியாது. உடம்பு தாங்காது.

நோய் திரும்பும்போது உடம்பு சும்மா இருப்பதில்லை. சிறு சிறு அடையாளம் காட்டும். இந்த வாரம் ஒரு கிலோ எடை குறையும். அடுத்த வாரம் பசி மந்தமாகும். அதற்கடுத்த வாரம் இருமல் கொஞ்சம் கூடும். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிதாகத் தெரியாது. வீட்டில் தினமும் பார்க்கிறவர்கள் கண்ணுக்கும் படாது. பெல்ட்டில் ஒரு துளை தள்ளிப் போடும்போது, "அலைச்சலில் இளைத்துவிட்டார்" என்று சொல்லிவிடுவோம்.

இந்தச் சிறு அடையாளங்களை ஒன்று சேர்த்துப் பார்க்க தெனி ஒரு செயலியைத் தயாரித்தார். செயலி என்றால், செல்போனிலும் கம்ப்யூட்டரிலும் ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் ஏற்பாடு. வீட்டுப் பிள்ளைகள் "ஆப்" என்று சொல்கிறார்களே, அதுதான்.

நோயாளி வாரம் ஒரு தடவை எடையையும் மற்ற உபாதைகளையும் அதில் குறிக்க வேண்டும். செயலி போன வாரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். சந்தேகம் தட்டினால் டாக்டருக்கு இ-மெயில் அனுப்பும். டாக்டர் நோயாளியைக் கூப்பிட்டு விசாரிப்பார். தேவைப்பட்டால் அடுத்த தேதி வரை காத்திராமல் அப்போதே ஸ்கேன் எடுப்பார்.

2014-ல் சோதனை தொடங்கியது. ஐந்து இடங்களில் 133 பேர் சேர்ந்தார்கள். பாதி வழியில் கணக்குப் பார்த்தபோதே வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. அதனால் மேற்கொண்டு ஆட்களைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். 2019-ல் வெளியான கடைசிக் கணக்கின்படி, வழக்கமான முறையில் வரிசையின் நடுவில் நின்றவர் வாழ்ந்தது 14.9 மாதம். செயலி வைத்திருந்தவர்களில் 22.5 மாதம்.

காரணம் என்ன? நோய் திரும்பியது தெரிந்த அன்று, செயலிப் பிரிவில் 4 பேருக்கு 3 பேர் எழுந்து நடமாடும் தெம்போடு இருந்தார்கள். மற்றப் பிரிவில் 3 பேருக்கு ஒருவர்தான் அப்படி இருந்தார். தெம்பு இருந்ததால் முழு வைத்தியம் செய்ய முடிந்தது. செயலி யாரையும் குணப்படுத்தவில்லை. நோயாளி எழுந்து நிற்கும்போதே டாக்டரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஸ்கேன்களின் எண்ணிக்கையும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது!

இதைப் பார்த்த பிரெஞ்சு சர்க்கார், 2020-ல் இந்தச் செயலிக்கான செலவை மருத்துவ இன்சூரன்சே கொடுக்கும்படி செய்தது. பக்கத்து நாடான ஜெர்மனியிலும் அதே ஆண்டில் ஒரு புதுமை. அங்கே டாக்டர்கள் மாத்திரைக்குச் சீட்டு எழுதுவது போலவே, சர்க்கார் பட்டியலில் ஏறிய செயலிகளுக்கும் சீட்டு எழுதத் தொடங்கினார்கள். மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்களுக்கான செயலியும் பின்னர் அந்தப் பட்டியலில் ஏறியது.

நோய் போன பிறகும்

வைத்தியம் முடிந்து, "நோய் இல்லை. போய் வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். அதோடு கதை முடிந்ததா?

இல்லை. மார்பகத்தில் அறுவை செய்துகொண்ட பெண்ணுக்குப் பிறகு கை வீங்கலாம். வாய், தொண்டையில் கதிர் சிகிச்சை பெற்றவருக்கு எச்சில் வற்றி, சோறு விழுங்குவதே பெரும்பாடாகலாம். குடலில் அறுவை நடந்தவர் வெளியூர்ப் பயணம் போகவே பயப்படுவார். அசதி மாதக்கணக்கில் தீராது. எல்லாவற்றுக்கும் மேலே, "திரும்பி வந்துவிடுமோ?" என்ற எண்ணம். ஒரு தலைவலி வந்தால் கூட இரவு தூக்கம் போய்விடும்.

"அதுதான் பிழைத்துவிட்டாயே! இன்னும் என்ன?" என்று சுற்றி இருப்பவர்கள் கேட்பார்கள். பாவம், அவர் யாரிடம் சொல்வார்?

இப்படிப் பிழைத்தவர்களுக்காகவே நெதர்லாந்து நாட்டில் ஒரு ஏற்பாடு செய்தார்கள். அதன் பெயர் ஆன்கோகாம்பஸ். உடம்பு, மனம், குடும்பம், வேலை என்று ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்கும். எது சரியில்லையோ அதைப் பற்றி விளக்கும். நீங்களே செய்துகொள்ளக் கூடியது எது, யாரிடம் போக வேண்டியது எது என்று பிரித்துச் சொல்லும்.

14 ஆஸ்பத்திரிகளைச் சேர்ந்த 625 பேரை வைத்து இதைச் சோதித்தார்கள். 2020-ல் முடிவு வந்தது. தங்கள் உடம்பைத் தாங்களே கவனித்துக்கொள்ளும் திறமையும் நம்பிக்கையும் இதனால் கூடும் என்று எதிர்பார்த்தார்கள். அது கூடவில்லை! ஆனால் உபாதைகள் கொஞ்சம் குறைந்தன. வாழ்க்கை சற்று நிம்மதியானது. எதிர்பார்த்தது ஒன்று, கிடைத்தது ஒன்று.

இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்து ஆஸ்பத்திரி இன்னொரு விதமாகச் செய்தது. மருந்து ஏற்றிக்கொள்ளும் 508 பேரிடம் தொல்லைகளைக் குறிக்கச் சொன்னார்கள். தொல்லை சிறிது என்றால், வீட்டிலேயே என்ன செய்யலாம் என்று திரையிலேயே பதில் வரும். பெரிது என்றால், "உடனே ஆஸ்பத்திரிக்கு டெலிபோன் செய்யுங்கள்" என்று வரும். முதல் 12 வாரம் இவர்கள் உடம்பு மற்றவர்களைவிட நன்றாக இருந்தது. தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளலாம் என்ற தைரியமும் கூடியது. 2021-ல் இந்த முடிவு வெளியானது.

எல்லாம் வெற்றி அல்ல

நியூயார்க் வெற்றிக்குப் பிறகு, பாஷ் அதே முறையை அமெரிக்கா முழுவதும் செய்து பார்த்தார். 26 மாநிலங்களில் 52 சிகிச்சை நிலையங்கள். 1,191 நோயாளிகள். இந்தத் தடவை கேள்விகளுக்கு வீட்டிலிருந்தே பதில் சொன்னார்கள்.

நோயாளிகளின் உடல் தெம்பு கூடியது. வலி முதலிய தொல்லைகள் அடங்கின. முதல் தடவையாக அவசர சிகிச்சைக்குப் போகும் நாள் சுமார் ஆறு மாதம் தள்ளிப் போனது. ஆனால் 2025-ல் வெளியான கடைசிக் கணக்கில், ஆயுள் கூடியதாகத் தெரியவில்லை. இரண்டு பிரிவும் ஏறக்குறைய சமம்.

ஆகவே, "செல்போன் ஆயுளைக் கூட்டும்" என்று எல்லோருக்கும் அடித்துச் சொல்ல முடியாது. சில இடங்களில் கூட்டியிருக்கிறது. அவதியைக் குறைப்பது மட்டும் இடத்துக்கு இடம் தெரிகிறது. அவதி குறைவது அற்ப விஷயமா என்ன? வாந்தி எடுத்துச் சுருண்டு கிடந்தவர்களைக் கேட்டால் தெரியும்.

மேலே சொன்னவற்றில் ஆயுளைக் கூட்டிய இரண்டு சோதனைகளையும் கவனித்துப் பாருங்கள். கேள்விகளுக்குப் பின்னால் ஒரு நர்ஸ் இருந்தார், அல்லது ஒரு டாக்டர் இருந்தார். பதிலைப் படித்தார். டெலிபோனை எடுத்தார். அந்த ஆள் இல்லாவிட்டால் செயலி வெறும் கணக்கு நோட்டு. நர்சுகளுக்கு இது கூடுதல் வேலை என்பதும் உண்மை. ஆள் போடாமல் செயலியை மட்டும் வாங்கி வைக்கும் ஆஸ்பத்திரியில் நோயாளி போடும் மார்க்கைப் படிக்க ஆள் இருக்காது.

போலிகள் ஜாக்கிரதை!

செல்போன் கடையில் எல்லாச் சரக்கும் கிடைக்கும். நல்லதும் உண்டு, போலியும் உண்டு.

அமெரிக்காவில் இரண்டு செயலிகள் விற்பனைக்கு வந்தன. தோலில் உள்ள மச்சத்தைப் படம் பிடித்தால், அது புற்றுநோயா இல்லையா என்று அவை சொல்லிவிடுமாம்! அதற்கு ஆதாரமே கிடையாது என்று 2015-ல் அந்நாட்டு வர்த்தக கமிஷன் அவற்றை விற்றவர்கள் மீது நடவடிக்கை எடுத்தது. "ஒன்றும் இல்லை" என்று செயலி சொன்னதை நம்பி ஒருவர் சும்மா இருந்துவிட்டால் என்ன ஆவது?

புற்றுநோயைக் கண்டுபிடித்துத் தருகிறேன், மூலிகையால் குணமாக்குகிறேன், மருந்தை நிறுத்திவிடு என்று எந்தச் செயலி சொன்னாலும் அதைத் தொடாதீர்கள். பணம் கேட்டால் இரட்டை ஜாக்கிரதை வேண்டும். உங்கள் உடம்பின் ரகசியங்களை எல்லாம் அது யாருக்கு அனுப்புகிறது என்பதும் தெரியாது. செயலி வேண்டுமானால், வைத்தியம் பார்க்கும் டாக்டரிடமே கேளுங்கள். "நான் குறிப்பதை உங்கள் ஆஸ்பத்திரியில் யார் பார்ப்பார்கள்? எப்போது பார்ப்பார்கள்? ஞாயிற்றுக்கிழமையும் பார்ப்பார்களா?" இந்த மூன்று கேள்விக்கும் பதில் வாங்குங்கள்.

நல்ல செயலியாகவே இருந்தாலும், ஆபத்து வேளையில் அதை நம்பிக் காத்திருக்கக் கூடாது. மருந்து ஏற்றிக்கொண்டிருப்பவருக்குக் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், அது சாதாரணக் காய்ச்சல் அல்ல. அந்த மருந்துகள் ரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடுகின்றன. சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து வரலாம். நடு இரவானாலும் ஆஸ்பத்திரிக்கு டெலிபோன் செய்ய வேண்டும். போகச் சொன்னால் உடனே போக வேண்டும். மூச்சுத் திணறல், நிற்காத ரத்தப்போக்கு, திடீரென்று கால்கள் பலம் இழப்பது ஆகியவையும் அப்படித்தான்.

பட்டன் போன் போதும்

"எங்கள் வீட்டில் பெரிய செல்போன் இல்லையே!" என்று சிலர் ஏங்கலாம். ஏங்க வேண்டாம்.

அமெரிக்காவில் 52 நிலையங்களில் நடந்த சோதனையில் எல்லோரும் திரையைத் தொட்டுப் பதில் சொல்லவில்லை. வேண்டியவர்களுக்கு வாரம் ஒரு தடவை டெலிபோன் மணி அடித்தது. பதிவு செய்த குரல் ஒன்று கேள்வி கேட்டது. அவர்கள் சாதாரண டெலிபோனில் எண்ணை அமுக்கிப் பதில் சொன்னார்கள். எழுதப் படிக்கத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. கேட்ட கேள்விகளில் 10-க்கு 9-க்குப் பதில் வந்தது!

அதுவும் இல்லாதவர்கள் பள்ளிப் பிள்ளையின் பழைய நோட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை தோறும் தேதி போட்டு எடையை எழுதவேண்டும். பசி, வலி, தூக்கம், இருமல், மூச்சு, மலம், அசதி ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மார்க் போடவேண்டும். எழுத முடியாதவருக்குப் பேரனோ பேத்தியோ எழுதிக் கொடுக்கலாம். எந்த மார்க்காவது திடீரென்று இரண்டு படி ஏறினால், குறித்த தேதி வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குத் தகவல் சொல்லவேண்டும். அடுத்த தடவை போகும்போது, "எப்படி இருக்கிறீர்கள்?" என்று டாக்டர் கேட்டதும் நோட்டை மேஜைமேல் விரித்து வைத்துவிடலாம்.